பயிற்சி முனையா, அலகு முனையா?

கனடாவில் இருந்து மட்டக்களப்புக்கு விடுமுறையில் வந்த மச்சானோடு கல்லடிக் கடற்கரையில் ஒரே வாக்குவாதம். வில்லால் மான் வேட்டையாடும் சீசனுக்கு முன் அம்பில் எந்த முனையைப் போட்டுப் பழகுவது? (அங்கே அவரிடம் லைசன்ஸ் இருக்கிறது. இங்கே மானைத் தொட்டால் சட்டம் பிடிக்கும்.)

பயிற்சி முனை மொழுக்கென்று இருக்கும். மலிவு, இலக்கில் இருந்து இழுத்தெடுப்பதும் சுலபம். ஆனால் பொய் சொல்லும். வில் சரியாக டியூன் ஆகாவிட்டாலும் பின்னால் உள்ள இறகு அம்பை நேராக்கிவிடும்.

அலகு முனை, அதாவது கத்தி போன்ற கூரிய தகடுகள் உள்ள வேட்டை முனை, மன்னிக்காது. முன்னால் உள்ள அலகும் காற்றைப் பிடிப்பதால், அம்பு சற்றுக் கோணலாகக் கிளம்பினாலே அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் 100 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 கிராம் என்றாலும் வேறு வேறு இடத்தில் குத்துவது இதனால்தான். உடனே வில்லில் குறிபார்க்கும் சைட்டைத் திருகாதீர்கள். முதலில் முனையை மேசையில் ஊன்றி அம்பைச் சுழற்றுங்கள். ஆடினால் முனை கோணல். ஆடாவிட்டால், அம்பு தங்கும் ரெஸ்ட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரண்டு முனையும் ஒரே இடத்தில் குத்தும்வரை பாருங்கள்.

செலவு என்று பார்த்தால் அலகு ஃபோம் இலக்கைக் கிழிக்கும். ஒரே புள்ளிக்கு இரண்டாவது அம்பு விட்டால் முதல் அம்பின் இறகும் போச்சு.

என் கட்சி: வருடம் முழுக்கப் பயிற்சி முனை, கடைசிச் சில வாரம் அலகு முனை. பழகிய அலகைத் தீட்டாமல் வேட்டைக்குக் கொண்டுபோகக்கூடாது. மழுங்கிய அலகு மிருகத்தை வதைக்கும். மச்சான் பழகவென்றே ஒன்றை மார்க்கரால் குறித்து ஒதுக்கி வைத்திருக்கிறாராம்.