மராகேஷ் சந்தையும் 8,000 திர்ஹாம் வரவேற்பறையும்

மொரோக்கோ பாணி வரவேற்பறை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது துளையிட்ட லாந்தர் விளக்குதான். ஆனால் அந்நாட்டு வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, சுவரோடு சுவராக ஓடும் தாழ்வான இருக்கை வரிசையே அந்த அறையின் முகத்தைத் தீர்மானிக்கிறது என்பது உடனே விளங்கிவிடும். வேலை நிமித்தம் காசாபிளாங்காவில் எடுத்த வாடகை வீட்டின் சிறிய கூடத்தை 8,000 மொரோக்கோ திர்ஹாமுக்குள் அமைத்து முடிக்க வேண்டியிருந்ததால், விடுமுறை நாட்களில் ரயிலேறி மராகேஷ் பழைய நகரச் சந்தைக்குப் போய் வந்தேன். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 10 முதல் 11 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது புரியும். இந்தத் தொகைக்குள் அந்தச் சந்தையில் எதை நம்பி வாங்கலாம், எதை வேறிடத்தில் தேட வேண்டும் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில், அங்கே வாங்கக் கூடாத பொருள். செதாரி எனப்படும் அந்தத் தாழ்வான இருக்கை, எளிய மரச்சட்டம், அதன்மேல் தடித்த மெத்தை, முதுகுக்குத் திண்டுகள் என்ற மூன்றே உறுப்புகளால் ஆனது. நம் ஊர்த் திண்ணையை மெத்தை போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாற்போல, இரண்டு அல்லது மூன்று சுவர்களை ஒட்டி அது ஓடும். முற்காலத்தில் மெத்தைக்குள் ஆட்டுக் கம்பளியை அடைத்தார்கள். இப்போது பெரும்பாலும் நுரைமெத்தைதான். சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் இது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நம் அறையின் அளவுக்குப் பொருந்தாது. காசாபிளாங்காவில் நான் குடியிருந்த பேட்டையிலேயே ஒரு தச்சரும், அவருக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மெத்தைக்காரரும் இருந்தார்கள். அவர்கள் அறையை அளந்து ‘ட’ வடிவில் இரண்டு இருக்கைகளைச் செய்து கொடுக்க, மரம், நுரை, துணி, தையல் கூலி எல்லாம் சேர்ந்து 4,000 திர்ஹாமுக்குச் சற்று மேல் ஆயிற்று. மொத்தப் பணத்தில் பாதி போய்விட்டதே என்று தோன்றலாம். பாதி இதற்குப் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. மரத்தில் சிக்கனம் செய்யலாம், ஏனெனில் அது மெத்தைக்குக் கீழே மறைந்துவிடும். நுரையில் சிக்கனம் செய்தால் சில மாதங்களிலேயே நடுவில் பள்ளம் விழுந்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுப்பதே எளிய வழி. உறைக்கு, உள்ளூர்க்காரர்கள் விருந்தினர் அறையில் விரும்பிப் போடும் பளபளப்பான பூவேலைத் துணியை விடுத்து, மணல் நிறத்தில் ஒரே வண்ணத் துணியை எடுத்தேன். நிறத்தைக் கம்பளத்துக்கு விட்டுக்கொடுத்தால் அறை நெரிசலாகத் தெரியாது.

மீதிப் பணத்துக்கு மராகேஷ் பொருத்தமான இடம். 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவிது அரச மரபினர் நிறுவிய இந்த நகரின் மதில் சூழ்ந்த பழைய பகுதி 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஜமா அல் ஃபினா சதுக்கத்துக்கு வடக்கே, தொழிலுக்கொரு தெருவாக, சாயக்காரர்கள், கொல்லர்கள், தோல் வேலைக்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள் என்று சந்தை பிரிந்து கிடக்கிறது. சதுக்கத்துக்கு அருகில் அகலமாகத் தொடங்கும் சூக் செம்மரின் தெருவில் எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் அங்கே கடை வாடகையையும் சேர்த்தே நாம் கொடுக்கிறோம். அதே லாந்தரை, அதே தோல் இருக்கையை, அதைச் செய்பவர் உட்கார்ந்திருக்கும் உள்தெருவில் கேட்டால் விலை தெளிவாகக் குறைகிறது. வலிய வந்து வழி காட்டுகிறவருடன் ஒரு கடைக்குள் நுழைந்தால் அவருடைய கமிஷனும் நம் தலையில்தான் விழும்.

பேரம் பேசத் தயங்குகிறவர்களும், பேசுவதற்கு முன் நியாய விலை என்னவென்று அறிய விரும்புகிறவர்களும், மன்னர் ஐந்தாம் முகம்மதின் பெயரிலான நிழற்சாலையில் உள்ள ஆன்சாம்பிள் ஆர்ட்டிசனாலுக்கு முதலில் போக வேண்டும். அரசு நடத்தும் இந்தக் கைவினை வளாகத்தில் கைவினைஞர்கள் தங்கள் சிறு பட்டறைகளிலேயே வேலை செய்து விற்கிறார்கள், விலை கறார். யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை, தேநீர் கொடுத்து உட்கார வைப்பதுமில்லை. பேரத்தில் தேர்ந்தவர் சந்தையில் இதைவிடக் குறைத்து வாங்கிவிடுவார் என்பது உண்மையே. ஆனால் இங்கே ஒரு மணி நேரம் விலைகளைக் குறித்துக்கொண்டு சந்தைக்குள் போகிறவருக்கு, கடைக்காரர் சொல்லும் முதல் விலையைக் கேட்டு மூச்சு அடைக்காது. பொருட்களின் தரம் பொதுவாக நன்று. வகை மட்டும் சந்தை அளவுக்கு இல்லை.

கம்பளத்தில்தான் பணமும் ஏமாற்றமும் அதிகம். மசாலாக் கடைகள் சூழ்ந்த ரஹ்பா கெதிமா சதுக்கத்தை ஒட்டியுள்ள கிரியே பெர்பெர் என்ற சிறு முற்றம் இன்று கம்பளச் சந்தை. 1912இல் பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி தொடங்கும் காலம்வரை அங்கே ஏலம் போனவர்கள் அடிமைகள் என்பதை அறிந்தபின் அந்த முற்றத்தில் நிற்பது அவ்வளவு இலேசாக இருப்பதில்லை. இணையப் படங்களில் எல்லாரும் காணும் கம்பளம், வெண்ணெய் நிறக் கம்பளியில் கறுப்புக் கோடுகள் சாய்சதுரங்களாக ஓடும் பெனி ஓரைன் வகை. மத்திய அட்லஸ் மலையில் குளிரைத் தாங்குவதற்காக வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான பெர்பெர்களில் அந்தப் பெயருடைய குடியினர் நெய்த தடித்த விரிப்பு அது. நல்லதொன்று என் மொத்தப் பணத்தையும் எளிதில் விழுங்கியிருக்கும். (அதே பாணியை உத்தரப் பிரதேசத்தின் பதோஹி நெசவாளர்களும் ஏற்றுமதிக்காக நெய்கிறார்கள், இந்தியாவில் இருக்கும் வாசகர், அசல் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அங்கே தேடுவதுதான் புத்திசாலித்தனம்.)

குறைந்த பணத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முடிச்சுப் போடாமல் பாவும் ஊடுமாகத் தட்டையாக நெய்யப்பட்ட கிலிம். மெல்லியது, மடித்து எடுத்துச் செல்லலாம். மற்றொன்று பூஷருயித். கம்பளி கிடைப்பது அரிதாகிவந்த 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிராமத்துப் பெண்கள் கிழிந்த சட்டை, பழைய போர்வை, நைலான் துணி எல்லாவற்றையும் நாடா நாடாவாகக் கிழித்து முடிச்சிட்டு நெய்யத் தொடங்கிய விரிப்பு இது. ஒருவர் வீட்டுத் தேவைக்காகத் தன் கையிலிருந்த கந்தலைக் கொண்டு செய்தது என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. நான் வாங்கியதில், செம்மண் நிறமும் ஊதாவுமாகப் போய்க்கொண்டிருந்த கட்டங்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும், அந்த நிறத் துணி தீர்ந்துபோனதாலோ என்னவோ, பச்சை நாடாக்கள் திடீரென்று நுழைந்து ஒரு சாண் தூரம் ஓடி மறைகின்றன. அந்த ஒரு சாணுக்காகவே அதை எடுத்தேன். விலை 1,300 திர்ஹாம்; கேட்ட விலை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

வாங்குமுன் கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். கையால் முடிந்ததன் பின்புறத்தில் முடிச்சுகள் தெளிவாக, சிறு ஒழுங்கின்மையோடு தெரியும். பின்புறத்தில் பசை பூசித் துணி ஒட்டியிருந்தால் நெசவே அன்று. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் அடர்நிறப் பகுதியைத் தேய்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். பழையது என்று காட்டப்படுவதில் பல, வெயிலிலும் வெளுப்புக் காரத்திலும் போட்டு அவசரமாக முதுமை அடைவிக்கப்பட்டவை. ஆகவே பழமைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது சிறு தொகையோடு வருகிறவருக்குத் தகாது.

இதே எச்சரிக்கை, கற்றாழைப் பட்டு என்று சொல்லி விற்கப்படும் சப்ரா திண்டுறைகளுக்கும் பொருந்தும். பளபளப்பும் நிறமும் மனத்தைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஒரு கடையில் கற்றாழை நாரிலிருந்து எடுத்தது என்று அடித்துச் சொல்லி, அதற்கேற்ற விலையும் கேட்டார்கள். ஆனால் இப்படி விற்கப்படுவது பெரும்பாலும் மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான்தான். ஓரத்து நூலொன்றைப் பிரித்துக் கொளுத்தினால் காகிதம் எரிவது போன்ற மணத்தோடு சாம்பலாகிறது; ரேயானும் தாவர நாரும் ஒரே மாதிரி எரியும் என்பதால் அது கற்றாழை என்பதற்குச் சான்றாகாது. கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையாக இருந்தால் உருகி மணியாகத் திரளும். ரேயான் என்று தெரிந்தே, ரேயானுக்கான விலைக்கு வாங்கினால் அந்த உறைகள் நல்ல பொருள்தான். நான் நான்கு எடுத்தேன்; நிறம் இன்றுவரை மங்கவில்லை.

இந்தச் சந்தையில் கொடுத்த காசுக்கு மிகுந்த பயன் தருவது எது என்று கேட்டால், தயங்காமல் பூஃப் எனப்படும் வட்டத் தோல் இருக்கையைச் சொல்வேன். உள்ளே எதுவும் அடைக்காமல் தட்டையாக மடித்து விற்பதால் பெட்டியின் அடியில் ஒரு சட்டையின் இடத்தைத்தான் பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய துணிமணிகளையும் போர்வைகளையும் திணித்தால் போதும். நன்றாக இறுக்கித் திணிக்க நினைத்ததைவிட மூன்று மடங்கு துணி வேண்டியிருக்கும். ஆட்டுத் தோலில் செய்தவற்றை 200 திர்ஹாம் அளவில் பெறலாம். விரலால் தையலை விரித்துப் பார்க்க வேண்டும். நூலுக்கும் துளைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், உட்காரும்போது முதலில் கிழிவது அந்த இடம்தான். முகர்ந்தும் பார்க்க வேண்டும். மரபு முறையில் பதனிடும்போது புறா எச்சமும் பயன்படுகிறது. சரியாக உலர்ந்து பதமான தோலில் வாசனை சில வாரங்களில் அடங்கிவிடும், அரைகுறையாகப் பதனிட்டது மழைக்காலந்தோறும் தன்னை நினைவூட்டும்.

லாந்தருக்குக் கொல்லர் தெருவான சூக் ஹதாதினும், பழைய யூதர் குடியிருப்பான மெல்லாவை ஒட்டிய தகர வேலைக்காரர் சதுக்கமும் உகந்தவை. பித்தளையில் செய்தவை அழகு, விலையும் அதிகம். சிறிய தகர லாந்தரை 100 திர்ஹாமுக்குச் சற்று மேல் வாங்கிவிடலாம். இருட்டில் ஏற்றியபின் தகரமா பித்தளையா என்று யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. துளைகளின் விளிம்பு சீராக இருக்கிறதா என்பதை மட்டும் தடவிப் பாருங்கள், கை கிழியும் அளவுக்குக் கூராக இருப்பதும் உண்டு. விளக்கைவிடப் பல்பு முக்கியம் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பால்வெள்ளைக் கண்ணாடி பல்பைப் போட்டால் ஒளி கலங்கிச் சுவரில் வெறும் மங்கல்தான் விழும். உள்ளிழை தெரியும் தெளிந்த கண்ணாடி பல்பைப் போட்டால்தான் ஒவ்வொரு துளையின் நிழலும் கூர்மையாகச் சுவரில் விழுகிறது. மஞ்சள் சாயலுள்ள 2,700 கெல்வின் எல்.இ.டி. பல்பு போதும், சூடும் குறைவு. மொரோக்கோவில் மரையுள்ள பல்பு வழக்கம் என்பதால், இந்தியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் நம் வீடுகளில் உள்ள ஊசிப் பல்புக்கு ஏற்ற ஹோல்டரை மாற்றிக்கொள்ள வேண்டும். உடலெல்லாம் உலோகம் என்பதால், அந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டு எர்த் இணைப்பும் கொடுக்கச் சொல்வது நல்லது.

நடுவில் வைக்கும் தேநீர் மேசைக்கு, மடக்குக் காலின்மேல் வைத்த பித்தளைத் தாம்பாளம் ஏற்றது. புதியவை பல மெல்லிய தகட்டில் அச்சடித்தவை. நடுவில் விரலால் அழுத்தினாலே குழிந்து துள்ளும். பழைய நகரின் வடக்குப் பக்கம் பாப் எல் கெமிஸ் வாயிலருகே உள்ள பழம்பொருட் சந்தையில், உளியால் கோடு இழுத்த பழைய கனமான தாம்பாளங்கள், ஒடுக்கு விழுந்த நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எனக்கு 350 திர்ஹாமுக்கு ஒன்று அமைந்தது; புளி போட்டுத் தேய்த்ததும் பளிச்சிட்டது. கதவுகள், சன்னல் சட்டங்கள், கால் இழந்த நாற்காலிகள் என்று குவிந்து கிடக்கும் அந்த இடம் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. புழுதியும் வெயிலும் அதிகம், கடைக்காரர்களுக்குப் பிரெஞ்சோ அரபோ தெரிந்தால் போதும் என்ற நினைப்பு. எனக்கு அது மராகேஷின் மிகச் சிறந்த கடை.

சுவரைப் பொறுத்தவரை பணப்பையை மூடிக்கொள்வதே நல்லது. சுண்ணாம்புக் காரையைக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்க் கரும் சவுக்காரம் பூசி மெருகேற்றும் ததலாக்த், தேர்ந்த கைகள் பல நாள் உழைக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு சில்லையும் சுத்தியலால் கொத்திச் சேர்க்கும் ஸெல்லீஜ் ஓட்டு வேலையும் அப்படித்தான். இரண்டுக்கும் போலியாக விற்கப்படும் ஒட்டுத்தாள்கள் எட்டு அடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்காரர் அனுமதித்தால் ஒரே ஒரு சுவருக்கு மராகேஷ் மதில்களின் செங்காவி நிறத்தில் சுண்ணாம்பு பூசலாம். பிரெஞ்சு ஓவியர் ஜாக் மஜோரெல் மராகேஷில் தம் தோட்டத்துக் கட்டடத்துக்கு 1937இல் பூசிப் புகழ்பெற்ற அந்த அடர்நீலத்தைச் சுவர் முழுக்க அடித்தால் சிறிய அறை மேலும் சுருங்கிவிடும்; ஒரு பூந்தொட்டிக்கு அது போதும்.

கடைகள் கப்பலில் அனுப்பித் தருவதாகச் சொன்னாலும், இந்த அளவுப் பொருட்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பூஃப், திண்டுறை, விரிப்பு ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கும்; லாந்தரை விரிப்புக்குள் சுருட்டிவிடலாம். திர்ஹாமை நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல வரம்பு உண்டு என்பதால் தேவைக்குமேல் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தை ஒட்டிப் பல கடைகள் மூடியிருக்கும். பாப் எல் கெமிஸுக்குப் போகிறவர்கள், அந்த வாயிலுக்குப் பெயர் தந்த வியாழன் சந்தை நாளில் காலையிலேயே போய்விட வேண்டும். நண்பகலுக்குள் நல்ல தாம்பாளங்களை மற்ற கடைக்காரர்களே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.