மூச்சு குறைந்தால் ஓய்வா, அட்டவணையா?

சுழியோடலுக்காக மூன்று நிமிடம் அடக்கிப் பிடித்த மூச்சு, இரண்டு கிழமையாக இரண்டேகால் நிமிடத்தைத் தாண்டவில்லை. குருநகரில் சுழியோடும் அண்ணை ஒருவர், "அஞ்சு நாள் சும்மா இரும்" என்றார். நான் கேட்கவில்லை, மூச்சுப் பிடிக்கும் பயிற்சி அட்டவணையை இறுக்கினேன். பிடிக்கும் நேரம் மாறாது, இடைவேளை மட்டும் சுற்றுக்குச் சுற்று 15 செக்கன் குறையும். காபனீரொட்சைட்டு ஏற ஏற மேல்வயிறு துள்ளும். அதைத் தாங்கப் பழக்குவதுதான் நோக்கம். நல்ல பயிற்சிதான், ஆனால் களைத்த உடம்புக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். காலையில் கட்டிலில் எண்ணினால், வழமையாக 58 அடிக்கும் நாடி அன்று 68.

அப்புறம்தான் ஓய்வு. வடிவான நித்திரை, கொஞ்ச நடை, அவ்வளவுதான். ஆறாம் நாள் இரண்டு நிமிடம் ஐம்பது செக்கன் வந்தது.

நாடி வழமைக்கு வந்து, துள்ளல் மட்டும் வழமையைவிட முந்தி வந்தால் அட்டவணை சரி: கிழமைக்கு இருமுறை, பாயில் படுத்தபடி. தண்ணீரில் என்றால், கீரிமலைக் கேணியானாலும் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.