லவ் பேர்ட்ஸ் ஜோடி வாங்குறவங்க, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மூக்கைப் பாருங்க

எங்க வீட்டுல ஆறு மாசம்கூட நிரம்பாத ஒரு பச்சைக் கிளி, முட்டை உள்ளேயே சிக்கிச் செத்துப்போச்சு. கடைக்காரர் அதை ‘ஆண்’னு சொல்லித்தான் என் தலையில கட்டினார். இன்னொரு வீட்டுல இப்படி நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

போன ஜூன்ல பொண்ணோட பிறந்தநாளுக்காக வாங்கினது. நாங்க இருக்கிறது பழைய வண்ணாரப்பேட்டை. ஷேர் ஆட்டோவுல கொஞ்ச தூரம் போனா அந்தக் கடை. நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கிறது பெரும்பாலும் பட்ஜிதான், ஆஸ்திரேலியாக் கிளி. பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு, ஜோடி 600 ரூபாய். “கியாரண்டி ஜோடிக்கா. பச்சைக்கு மூக்கு நீலமா இருக்கு பாருங்க, அது ஆண். இதுக்கு பிரவுன், பொட்டை. ரெண்டே மாசத்துல குஞ்சு பார்த்துடலாம்”னு சொல்லி மண்பானையையும் சேர்த்து வித்துட்டார்.

அவர் சொன்ன கணக்கு வளர்ந்த கிளிக்குச் சரி. அலகுக்கு மேல மூக்கு ஓட்டை இருக்கிற அந்தச் சதை, ஆணுக்கு நல்ல அடர் நீலம், பெண்ணுக்கு வெள்ளையிலிருந்து பிரவுன் வரைக்கும். ஆனா பச்சை வளர்ந்த கிளியே இல்ல. நெத்தியில கறுப்புக் கோடு மூக்கு வரைக்கும் இறங்கியிருந்துச்சு. அது மூணு நாலு மாசத்துல இறகு உதிர்ந்து மாறிடும். கண்ணும் முழுக்கக் கறுப்பு, சுத்தி வெள்ளை வளையம் வரல. குஞ்சுப் பருவத்துல பெண்ணோட மூக்குதான் வெளிறின நீலமா இருக்கும், ஓட்டையைச் சுத்தி சுண்ணாம்பு தொட்டு வச்ச மாதிரி வெள்ளை வளையத்தோட. அதே வயசு ஆணுக்கு மூக்கு முழுக்க ஒரே மாதிரி ரோஸ் கலந்த ஊதா. பச்சைக்கு அந்த வெள்ளை வளையம் அப்பட்டமா இருந்துச்சு. பிறந்தநாள் போட்டோவுலயே தெரியுது. பார்க்கத் தெரியாதது நான்தான்.

நீலம் வந்த கொஞ்ச நாள்லயே பானைக்குள்ள போயி, ஒருநாள் விட்டு ஒருநாளா அஞ்சு முட்டை போட்டுச்சு. பொண்ணு காலண்டர்ல வட்டம் போட்டு எண்ணினா. பதினெட்டு நாள்ல பொரியணும், இருபத்தஞ்சு நாள் ஆகியும் ஒண்ணும் இல்ல. அடுத்த தெருவுல மொட்டை மாடியில புறா வளர்க்கிற அண்ணன் வந்து, முட்டையை இருட்டுல செல்போன் லைட் மேல வச்சுக் காட்டினார். கரு இருந்தா ஒரு வாரத்துக்குள்ளயே சிவப்பு நரம்பு ஓடும். அஞ்சும் தெளிவா இருந்துச்சு. “எல்லாம் கூமுட்டைம்மா. பெட்டை ஆண் இல்லாமலேயே முட்டை போடும். உனக்கு ரெண்டும் பெட்டையா கொடுத்திருக்கான்”னார். அதுக்குள்ள பச்சையோட மூக்கு வெளுத்து, ஓரத்துல லேசா பிரவுன் ஏறியிருந்துச்சு.

பானையை அன்னிக்கே கழட்டியிருக்கணும். பொண்ணு அழுதாள்னு விட்டுவச்சேன். ஒரு பானைக்கு ரெண்டு பெட்டை, சண்டையில பச்சையோட கால் விரல்ல ரத்தம். கடைசியில அதுவும் முட்டைக்கு உட்கார ஆரம்பிச்சுது. ஒருநாள் காலையில கூண்டுத் தரையில உடம்பை உப்பிக்கிட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆட உட்கார்ந்திருந்துச்சு. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லி அது வர்றதுக்குள்ள என் கையிலயே போயிடுச்சு. கையில வச்சப்போ அடிவயித்துல முட்டை கெட்டியாத் தட்டுப்பட்டுது.

கடைக்குப் போய்க் கேட்டதுக்கு, “நீங்க பார்த்துதானே எடுத்தீங்க”ன்னு ஒரே பதில். என் எதிரிலேயே ஒரு காலேஜ் பையனுக்கு அடர் நீல மூக்கு வச்ச வளர்ந்த பச்சை ஒண்ணையும், சிவப்புக் கண்ணு மஞ்சள் ஒண்ணையும் எடுத்து, “மஞ்சளுக்கு மூக்கு ரோஸ், அதான் பொட்டை”ன்னு சொல்லிட்டிருந்தார். சிவப்புக் கண்ணு மஞ்சள், வெள்ளை வகைகள்ல ஆணுக்கு வளர்ந்த பிறகும் மூக்கு ரோஸ், ஊதாவாவே இருக்கும், நீலமாகாது. “தம்பி, அது ரெண்டும் ஆண், எடுக்காதே”ன்னேன். கடைக்காரர் என்னைத் திட்டினார். பையன் வாங்காமப் போயிட்டான்.

குஞ்சு எடுக்கணும்னா ரெண்டுக்கும் பத்து மாசமாவது ஆகியிருக்கணும், பெட்டைக்கு ஒரு வருஷம் ஆனா இன்னும் நல்லது. அதுவரைக்கும் பானையே மாட்டாதீங்க. பானையைப் பார்த்தாலே சின்னப் பெட்டையும் முட்டைக்குத் தயாராயிடும். வெறும் தினை மட்டும் போட்டு வளர்த்தா சுண்ணாம்புச் சத்து பத்தாது, முட்டை ஓடு சரியாக் கட்டாம உள்ளேயே நின்னுடும். நாங்க அதைத்தான் போட்டோம். நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு கேட்டா கிடைக்கும். காசிமேட்டுல கணவாய் வாங்கிக் கழுவும்போது நாம தூக்கிப் போடுற ஓடுதான் அது. உப்புப் போக ரெண்டு நாள் தண்ணி மாத்தி ஊறவச்சு, வெயில்ல காயவச்சுக் கூண்டுல கட்டினா போதும்.

நீலம் இப்ப நல்லா இருக்கு. புறா அண்ணன் ஒரு வயசு ஆண் ஒண்ணு கொடுத்திருக்கார், மூக்கு அடர் நீலம். பக்கத்துல தனிக் கூண்டுலதான் வச்சிருக்கேன். கம்பி வழியா நீலத்துக்குத் தினையைக் கக்கி ஊட்டுது. பானை இன்னும் பரண் மேலதான் இருக்கு.