தொட்டி மண்ணுக்கு நார்க்கழிவா, பிரஸ்மட்டா?

மாடித்தோட்டத் தொட்டியில் மண்ணோடு எதைக் கலப்பது? பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகளில் மலையாகக் குவியும் நார்க்கழிவையா, சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறைத் தெளியவைக்கும்போது மிஞ்சும் பிரஸ்மட்டையா?

நார்க்கழிவு லேசானது, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆனால் சத்து குறைவு, உப்பு அதிகம். முதல் ஊறலில் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கும். அது வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசியே ஆகவேண்டும். மட்காமல் போட்டால், மட்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) அதுவே இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதுபோல யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மட்கவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிரஸ்மட் அப்படியில்லை, அதுவே உரம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச்சத்தும் நிறைய. புதுக் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு அடங்குமுன் போட்டால் வேர் வெந்துவிடும். ஈரத்தோடு கனமாக இருப்பதால், ஆலை பக்கத்தில் இருந்தால்தான் வண்டி வாடகை கட்டுப்படியாகும்.

சரி, நான் எதைப் போடுவேன்? வயலுக்கு யோசிக்காமல் பிரஸ்மட். மாடிக்கு, பாரம் ஏறக்கூடாது என்பதால் நார்க்கழிவுதான். கூடவே ஒரு கைப்பிடி மட்கிய பிரஸ்மட்.