1965 ஷெவர்லே இம்பாலா: உட்காருகிறவர்களை நினைத்துச் செய்த கார்

அறுபதுகளின் பெரிய அமெரிக்க கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினில் தொடங்குவார்கள், குதிரைத்திறனில் முடிப்பார்கள். நான் முன்னிருக்கையில் தொடங்குகிறேன். 1965-ஆம் ஆண்டின் ஷெவர்லே இம்பாலாவில் அது இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீள இருக்கை. கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்திருப்பதால் குறுக்கே எதுவும் கிடையாது. மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். நடுவில் இருப்பவர் மட்டும் தரையில் ஓடும் மேட்டுக்கு இருபுறமும் கால்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தை விரும்பிக் கேட்பவை குழந்தைகள்தாம். எங்கள் வீட்டில் அதற்குச் சண்டையே நடந்திருக்கிறது.

அந்த இருக்கையில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கம். திருமணமாகி மிச்சிகன் வந்த புதிது. கணவர் ஆன் ஆர்பரில் மாணவர். கையிலிருந்த பணத்துக்குப் புதுக் காரை நினைத்துப் பார்க்க முடியாது. பலர் கைமாறித் தேய்ந்த வெளிர்நீல இம்பாலா ஒன்று, நான்கு கதவு வைத்தது, எங்களுக்கு அமைந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்து பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டபோது, மனமில்லாமல் அதை விற்றோம். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, அதே ஆண்டு, அதே வகைக் காரைத் தேடி வாங்கினோம். ஆகவே இது இரண்டு வண்டிகளை வைத்து எழுதும் மதிப்புரை: ஒன்று பனியிலும் உப்பிலும் தினமும் ஓடியது, மற்றொன்று கோடையில் மட்டும் கராஜை விட்டு வெளியே வருவது.

முதலில் அளவு. நீளம் ஏறக்குறைய 213 அங்குலம், அதாவது 18 அடிக்குச் சற்றுக் குறைவு. அகலம் கிட்டத்தட்ட 80 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 119 அங்குலம். இன்றைய டொயோட்டா கேம்ரியைப் பக்கத்தில் நிறுத்தினால் இம்பாலா சுமார் 20 அங்குலம் நீண்டு தெரியும். இத்தனை பெரிய வண்டி பணக்காரர்களுடையதாகத்தான் இருந்திருக்கும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அன்றைய ஐந்து கார்ப் பெயர்களில் விலை குறைந்தது ஷெவர்லே. அதற்கு மேலே பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், உச்சியில் கேடிலாக். நான்கு கதவு இம்பாலாவின் அடிப்படை விலை 3000 டாலருக்கு உள்ளேயே இருந்தது. ஆனால் அதன் உடற்கூட்டின் அடிப்படை பான்டியாக் கேட்டலினா, பியூக் லெசேபர் ஆகியவற்றுக்கும் பொதுவானது. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கும் பியூக் வாங்கும் டாக்டரின் குடும்பத்துக்கும் முழங்காலை நீட்ட ஏறக்குறைய அதே இடம் கிடைத்தது. 1965-இல் இம்பாலா மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கு ஆயிரம் காரணங்கள் சொல்வார்கள். நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எங்களுடையது ஸ்போர்ட் செடான் என்ற வகை. நான்கு கதவுகள் உண்டு, ஆனால் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண் கிடையாது. கதவுக் கண்ணாடிகளைச் சுற்றிச் சட்டமும் இல்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் முன் கண்ணாடியின் ஓரத்திலிருந்து பின்னிருக்கையின் முதுகு வரை ஒரே திறப்பு. ஜூன் மாத மாலையில், ஹியூரான் நதியை ஒட்டிய சாலையில், அப்படித் திறந்துவிட்டு 30 மைல் வேகத்தில் போனால் காற்று முகத்தில் அறையாது, காருக்குள் உலாவும். முன்கதவின் மூலையில் முக்கோணச் சிறு கண்ணாடி ஒன்று தனியாகத் திருப்பும்படி இருக்கிறது. அதைச் சரியான கோணத்தில் வைத்தால் காற்று நேரே கழுத்துக்கு வரும். நல்ல வெயிலிலும் எங்கள் வண்டியில் ஏசி இல்லாத குறை பெரிதாகத் தெரிந்ததில்லை.

அந்தத் திறப்புக்கு விலையும் உண்டு. தூண் இல்லாத எந்தக் காராக இருந்தாலும், கண்ணாடிகள் சந்திக்கும் இடத்தில் ரப்பர் பட்டை காலப்போக்கில் இறுகிவிடும். மழைநீர் கசியும், வேகமாகப் போனால் சீழ்க்கை ஒலி கேட்கும். புது ரப்பர் போட்டு, கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தைப் பொறுமையாகச் சரிசெய்தால் இரண்டும் பெருமளவு அடங்கும்.

சவாரியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 1965 மாடலுக்காக ஷெவர்லே அடிச்சட்டத்தையே மாற்றியது. அதற்கு முன், 1958 முதல், எக்ஸ் வடிவச் சட்டம் இருந்தது. இப்போது காரின் ஓரங்களைச் சுற்றிச் செல்லும் சட்டம் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங். மிச்சிகனின் நெடுஞ்சாலைகளில் கான்கிரீட் பலகைகள் சேரும் இடமெல்லாம் இன்றைய கார்கள் தடக் தடக்கென்று குதிக்கும். இம்பாலாவில் அந்தத் தடக் காதுக்கு வரும், முதுகுக்கு வராது. முதுகுவலிக்காரரான என் மாமியார் எங்களைப் பார்க்க வந்தபோது, டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து பின்னிருக்கையில் காலை நீட்டிச் சாய்ந்தபடி வந்தார். பாதி வழியில், “இப்படியே சிகாகோ வரை போய்விடலாம் போலிருக்கிறதே, அம்மா” என்றார். நெடும்பயணத்தை நினைத்தாலே அஞ்சுகிறவர் அவர்.

ஓட்டுகிறவருக்கு இதே மென்மை வேறு மாதிரி தெரியும். வளைவில் வேகமாகத் திரும்பினால் உடல் முழுவதும் ஒருபக்கம் சாயும். பிரேக்கை மிதித்தால் மூக்கு தாழும். பவர் ஸ்டீயரிங் ஒரு விரலால் திருப்பும் அளவுக்கு இலேசு. ஆனால் சக்கரம் சாலையில் என்ன செய்கிறது என்ற செய்தி கைக்கு வராது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கார் சரிப்படாது. நிதானமாக, முன்கூட்டியே யோசித்து ஓட்டினால் இதைவிட அன்பான வண்டியை நான் ஓட்டியதில்லை. கூரைத் தூண்கள் மெலிந்தவை. அதனால் சுற்றுமுற்றும் எல்லாம் தெரியும். இவ்வளவு பெரிய காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவது நினைப்பதைவிட எளிது.

கதவைத் திறந்ததும் வாசற்படியில் அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். அதில் சிறிய குதிரை வண்டி ஒன்றைப் பொறித்து, ‘பாடி பை ஃபிஷர்’ என்று எழுதியிருப்பார்கள். உடற்கூடுகளைச் செய்த ஃபிஷர் பிரிவின் முத்திரை அது. எங்கள் தகட்டில் ஓட்டுநர் பக்கம் வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கின்றன, பின்கதவுப் பக்கம் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. புதுத் தகடு வாங்கிப் போடலாம் என்று கணவர் சொன்னார், நான் விடவில்லை. எத்தனையோ பேரின் செருப்புத் தேய்த்த வரிகள் அவை.

ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராய்ட் பக்கத்து உட்வர்டு அவென்யூவில் நடக்கும் கார் ஊர்வலத்துக்குப் போவோம். 1995 முதல் நடக்கிறது. கூட்டம் மஸ்டாங், கமாரோ, ஜிடிஓ போன்ற வேகக் கார்களைத்தான் மொய்க்கும். எங்கள் காரிடம் வருபவர்கள் வேறு ரகம். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையைக் காட்டி, “சின்ன வயதில் இங்கே படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பேன்” என்பார்கள். ஃபிளின்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கதவை ஒருமுறை சாத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். சாத்தினார், அந்த ஒலியைக் கேட்டார், தலையசைத்தார், போய்விட்டார்.

எஞ்சினைப் பற்றியும் சொல்லத்தானே வேண்டும். 283 கன அங்குல வி-8, இன்றைய கணக்கில் 4.6 லிட்டர். விற்பனைத் தாளில் 195 குதிரைத்திறன் என்று இருக்கும். அது துணைக் கருவிகள் எதையும் பூட்டாமல் எஞ்சினை மட்டும் அளந்த பழைய கணக்கு; 1972 வாக்கில் அளக்கும் முறை மாறியது, ஆகவே இன்றைய எண்களோடு ஒப்பிடக் கூடாது. பவர்கிளைடு தானியங்கி கியர், இரண்டே கியர்கள். போதும். பச்சை விளக்கு விழுந்ததும் சீறிப் பாயாது, ஆனால் எந்த ஏற்றத்திலும் திணறாது.

குளிரில் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைத் தொடுமுன் ஆக்சிலரேட்டரை ஒரே ஒருமுறை அடிவரை மிதித்து விட்டுவிட வேண்டும். அப்போதுதான் கார்ப்யூரேட்டரின் சோக், அதாவது காற்று வழியை அடைக்கும் தகடு, மூடிக்கொள்ளும். பிறகு காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், இரண்டு மூன்று சுற்றில் எஞ்சின் பிடித்து வேகமாக ஓடத் தொடங்கும். சற்று நேரம் கழித்துப் பெடலை மெல்லத் தட்டினால் அந்த வேகம் இறங்கி, அடிவயிற்றிலிருந்து வருகிற தாழ்ந்த ஒலியாக நிலைக்கும். மீண்டும் மீண்டும் மிதித்தால் பெட்ரோல் தேங்கிவிடும், பிறகு காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இனி, மறைக்கக் கூடாதவை. நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். ஒருமுறை நன்றாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடாகி வலுவிழக்கும். அதைவிட முக்கியம், பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுத்தான். எங்கேனும் குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்த அமைப்பு ஷெவர்லேயில் 1967-இல்தான் வந்தது. நாங்கள் அந்த அமைப்புக்கான, பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திவிட்டோம். பழைமை மாறாமல் வைத்திருப்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். முன்னிருக்கையில் இடுப்புக்கு மட்டும் பெல்ட், தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை, மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் இல்லை. வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966-இல் வந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. பேரக் குழந்தைகளை இதில் நெடுஞ்சாலைக்கு நான் அழைத்துச் செல்வதில்லை. ஊருக்குள் மெதுவாகச் சுற்றுவதோடு சரி.

பெட்ரோல், காலனுக்கு 12 முதல் 15 மைல். அறுபதுகளில் காலன் 30 சென்ட் அளவில் விற்றது, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். வாங்கிய உடனே அவற்றை மாற்றிவிட வேண்டும்.

போட்டியாளர்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டின் ஃபோர்டு கேலக்சி மிக அமைதியானது. ரோல்ஸ் ராய்ஸைவிட அமைதி என்றே அன்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அதன் நேர்க்கோடுகள் எனக்குச் சற்று இறுக்கமாகத் தெரிகின்றன. இம்பாலாவின் பின் சக்கரத்துக்கு மேலே உடல் மெல்லப் பொங்கி எழுந்து, ஆறு வட்ட விளக்குகளில் போய் முடிகிற அழகு அதில் இல்லை. பிளிமத் ஃபியூரி மூன்று கியர் கொண்டது, வளைவுகளில் இம்பாலாவைவிட உறுதியாக நிற்கும். ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம். பியூக் எலெக்ட்ரா 225 இன்னும் சொகுசு, இன்னும் நீளம். கராஜை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

வாங்க நினைப்பவர்கள் ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் உள்ள எண் தகட்டை முதலில் பாருங்கள். 1965-இல் 164 என்று தொடங்கினால் வி-8 பூட்டிய இம்பாலா, 163 என்றால் ஆறு சிலிண்டர். அடுத்த இரண்டு எண்கள் 39 என்றால் தூணில்லாத நான்கு கதவு, 37 என்றால் இரண்டு கதவு. இம்பாலாவிலேயே விலை கூடிய சூப்பர் ஸ்போர்ட் வகை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் எண் 165 அல்லது 166 என்று தொடங்க வேண்டும். வேறு எண் இருந்தால் சின்னங்களைப் பிறகு ஒட்டியிருக்கிறார்கள். ஆண்டைக் குறிக்கும் 5-க்குப் பின் வரும் எழுத்து தொழிற்சாலை. எங்களுடையதில் ஜே, அதாவது விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில்.

அடுத்தது துரு. பின் சக்கர வளைவு, டிக்கியின் தரை, முன்னிருக்கைக்குக் கீழே உள்ள கம்பளத்தின் அடி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பின் சக்கரத்தருகே சட்டகம் மேலெழும் இடம். உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் பழுதுக்குப் பயப்பட வேண்டாம். இத்தனை லட்சம் வண்டிகள் ஓடியதால் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் சரிசெய்யலாம். சேகரிப்பாளர்கள் இரண்டு கதவு வண்டியையும் கன்வெர்ட்டிபிளையும் தேடி ஓடுவதால் நான்கு கதவு வண்டியின் விலை நன்றாகவே குறைவு. குடும்பத்தோடு போய்வர அதுதான் ஏற்றது. மிச்சிகனில் இருப்பவர்கள் பழங்கால வாகனத்துக்கான நம்பர் பிளேட் வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுத்துச் செல்லலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விருப்பம்போல் ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. மற்ற மாதங்களிலும் கடைக்குப் போய்வர ஆசைப்படுகிறவர்கள் சாதாரண பிளேட்டே வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் வாங்கியதும் அதுதான்.