ராயபுரத்துப் பழைய வீடும் எனர்ஜிபிளஸும்: நான்கு ஆண்டு அனுபவம்

ராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கூரை. பின்கட்டு அப்பா எழுப்பிய ஆர்சிசி தளம். 2021இல் வீட்டைப் புதுப்பிக்க முனைந்தபோது, கையிருப்பைச் சுவருக்குச் செலவிடுவதா, சன்னலுக்கா, தளத்துக்கா என்று தீர்மானிக்கவே, கட்டடத்துக்குள் வரும் வெப்பத்தையும் அதற்காகும் மின்செலவையும் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் எனர்ஜிபிளஸைப் பயன்படுத்தத் தொடங்கினேன். அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் உருவாகி 2001இல் வெளிவந்த இம்மென்பொருள் இலவசம். வீட்டை வரைவதற்கு ஓப்பன்ஸ்டுடியோ என்ற மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் கணக்கு, நாங்கள் கட்டும் மின்கட்டணத்தோடு சற்றும் பொருந்தவில்லை. பிழை என்னுடையதே. இரு பக்கச் சுவர்களும் பக்கத்து வீடுகளோடு ஒட்டியிருக்க, நான் வீட்டை வெட்டவெளியில் தனியே நிற்பதுபோல வரைந்து, வெயிலே படாத சுவர்களில் வெயிலை அடித்திருந்தேன். அவற்றை வெப்பம் கடவாத பரப்புகளாக மாற்றியதும், மூன்று மணிக்குக் கடற்காற்றுக்காக அம்மா சன்னல்களைத் திறந்து ஏசியை அணைப்பதை நேர அட்டவணையில் சேர்த்ததும் கணக்கு வழிக்கு வந்தது. ஆனால் வெயில், காற்று விவரங்களுக்காக மென்பொருளுக்குக் கொடுத்த வானிலைக் கோப்பு மீனம்பாக்கத்துடையது; கடலோரமான எங்கள் தெருவுக்குக் காற்று அங்கு போய்ச் சேர்வதற்கு முன்பே வந்துவிடும். இந்த வேறுபாட்டை என்னால் சரிசெய்ய இயலவில்லை.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால் ஒப்பிட ஆண்டுக்கு ஆறு எண்களே கிடைக்கும். எனவே ஓராண்டு முழுவதும் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துவந்தேன். இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்யாதவர்கள் கணினியில் உருவாக்கிய வீட்டு மாதிரி சொல்லும் யூனிட் கணக்கை நம்பவேண்டாம் என்பதே என் கருத்து.

விடை தெளிவாகவே வந்தது. இரட்டைக் கண்ணாடிச் சன்னலால் பயன் மிகச் சொற்பம். பின்கட்டுத் தளமே வெப்பத்தின் பெருவாசல். வெள்ளை ஓடு பதித்தோம். அது வெயிலைத் திருப்பியனுப்புமே தவிர, தளத்தின் வெப்பக் கடத்தலைக் குறைப்பதில்லை. குடியிருப்புகளுக்கான இந்திய எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு உச்சவரம்பாக விதிக்கும் 1.2 என்ற யு மதிப்பை (வெப்பக் கடத்தலின் அளவு; குறைவாக இருப்பதே நல்லது) எட்ட வேண்டுமானால் ஓட்டுக்கு அடியில் காப்புப் பலகையும் வேண்டும். அதற்குப் பணம் போதவில்லை.

முதல் கோடையில் மாதிரி சொன்னதற்கு நெருக்கமாகவே மீட்டர் ஓடியது. இரண்டாம் கோடையில் விலகியது. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கரியும் படிந்து ஓடுகள் சாம்பல் நிறமாகியிருந்தன. நான் கொடுத்த 0.7 எதிரொளிப்பு, அதாவது விழும் வெயிலில் எழுபது சதவீதத்தைத் திருப்பியனுப்பும் திறன், புத்தம்புது ஓட்டுக்கு உரியது. இப்போது 0.7, 0.5 என இரு மதிப்புகளிலும் கணக்கை ஓட்டிப் பார்க்கிறேன். பங்குனி பிறப்பதற்குள் மொட்டைமாடியைத் தேய்த்துக் கழுவியும் விடுகிறோம்.