பழைய வண்டியில் செல்ஃப் இழுக்கிறதா? பேட்டரிக்கு முன் கேபிளைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டி செல்ஃப் எடுக்கத் திணறினால் முதலில் மாறுவது பேட்டரி, அடுத்து செல்ஃப் மோட்டார். இரண்டும் புதிதாகி, அதே திணறல் தொடர்ந்த பிறகுதான் கேபிள் பக்கம் பார்வை போகும். நாள்பட்ட பயன்பாட்டில் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பெட்ரோல் காரின் செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். டீசல் இன்னும் அதிகம். வழியில் எங்கோ 0.01 ஓம் தடை கூடினாலே 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். இவ்வளவு சின்னத் தடை சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் தெரியாது. கேபிளில் நாலு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் 'பீப்' அடித்துவிடும்; அதை நம்பி கேபிள் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

சாவியைத் திருப்பியதும் வரும் சத்தமே பாதி விடை. 'டக்' என்று ஒரே தட்டுடன் அடங்கினால், சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுத்துவிட்டது, மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. டெர்மினல், எர்த், சொலினாய்டுக்குள் தேய்ந்த செம்புத் தொடுமுனை, கார்பன் பிரஷ் என்று தேட வேண்டும். 'டகடகடக' என்றால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையேல் டெர்மினல் லூஸ். சத்தமே இல்லையா? சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயர், இக்னிஷன் சுவிட்ச், ரிலே.

சோதிக்கும் முன் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்யுங்கள், ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் மேலே. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும் (அதைக் கவ்வும் கிளாம்பில் அல்ல), கறுப்பு முனையை செல்ஃபின் தடித்த போல்ட்டிலும் வைத்து, ஒருவரை மூன்று நாலு விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. அடுத்து பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே இதே சோதனை, இங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகம். பிறகு குமிழ், கிளாம்ப், கேபிள் லக் (நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்தால் குற்றவாளி தானாக மாட்டும்.

அதே நேரத்தில் பேட்டரி முனைகளிலும் அளந்து பாருங்கள். மெதுவாகச் சுற்றும்போது அங்கே 11.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதென்றால் கரண்ட் வழியில் தடைபடுகிறது. நல்ல பேட்டரியே 9.6-க்குக் கீழ் விழுந்தால் செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. பெரும்பாலும் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) உரசுகிற கேஸ்.

அதிகம் ஏமாற்றுவது எர்த்தான். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் வயர் எண்ணெய்ப் பிசுக்கின் அடியில் அறுந்து கிடக்கும். கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள்கள் சுட்டால் வேறு ஆதாரம் தேவையில்லை. ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவை இன்ஜின் பிளாக்கோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். செல்ஃப் சட்டென்று எடுத்தால் முடிந்தது.

வெளியே பளபளவென்று இருக்கும் கேபிளையும் லக் பக்கத்தில் விரலால் அமுக்கிப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, நறநறவென்றாலோ இன்சுலேஷனுக்குள் செம்பு பச்சையாகப் பூத்துவிட்டது. அரிப்பு உள்ளே ஓடிய கேபிளைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் காருக்கு 25 அல்லது 35 சதுர மி.மீ., டீசலுக்கு 50. விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் தடை அதிகம், ஈரம் பட்டால் பொடிந்துபோகும். நுனியைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும், வாங்காதீர்கள். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டால் வருடக்கணக்கில் கவலையில்லை. இரண்டு திருகில் பிடிக்கும் ரெடிமேட் கிளாம்ப் அவசரத்துக்கு மட்டும். அதிர்வில் தளர்ந்து, திறந்த இழைகளில் அரிப்பு சீக்கிரம் ஏறும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். வெள்ளைப் பூப்பு சமையல் சோடா கரைத்த நீரில் போய்விடும். கரைசல் செல்லுக்குள் இறங்கக் கூடாது. எர்த் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கிய பிறகே வாசலின் தடவுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் சூடானால் மட்டும் 'டக்'கோடு நின்றால், சொலினாய்டில் மெல்லிய வயர் வரும் சின்ன முனையில் செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் இக்னிஷன் சுவிட்ச் களைத்துவிட்டது. 40 ஆம்பியர் ரிலே ஒன்று போதும். அதன் கால்களில் எண் இருக்கும்: பழைய வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு, 87 சொலினாய்டுக்கு. 30-க்கு பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸோடு.